பதினொன்றரை மணி ஈரம்

போன மாதம், மொட்டை மாடியில் நீர் கசியாமல் பூச்சு அடிக்க வந்த ஆள் மாடிப்படியின் உச்சியில் நின்று கத்தினான்.

"அம்மா, இங்க ஒரு வெள்ளைப் பொட்டி கீது. இன்னா இது, புறா வூடா? தூக்கிப் போட்டுடவா?"

"கை வைக்காதே," என்று கீழிருந்து சொன்னேன். அதற்குள் கை வைத்திருந்தான். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தபோது, உன் மரப்பெட்டியின் கதவு திறந்து கிடந்தது. அவன் உள்ளங்கையில் எதையோ வைத்துக்கொண்டு, எறும்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"திரி மாதிரி ஒண்ணு இருந்துச்சும்மா. தொட்டேன், ஒடஞ்சு பூட்ச்சு."

துணி கிழியும், நைந்து போகும், மக்கும். துணி உடைந்து நான் பார்த்ததில்லை. சாக்குக் கட்டிபோல் மூன்று துண்டாக அவன் கையில் அது கிடந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். இல்லாவிட்டால் உனக்கு நான் எழுதியிருக்க மாட்டேன். நீ உயிரோடு இருந்த கடைசி ஏழு மாதங்கள் உன்னோடு நான் பேசவில்லை. பதில் சொல்ல முடியாதவர்களிடம் பேசுவது கோழைகளின் வேலை என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இன்று அந்த வேலையை நானே செய்கிறேன். படித்துக்கொள்.

கான்வென்டில் நான் முதல் ரேங்க், நீ இரண்டாம் ரேங்க். ஆறாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை இது மாறவில்லை. உனக்கு அறிவு குறைவு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, ஒழுங்கு குறைவு. உன் கையெழுத்து கோழி கிளறிய குப்பை. உன் ரிப்பன் ஒரு பக்கம் தொங்கும். தையல் வகுப்பில் எல்லோரும் குனிந்து ஊசியைப் பார்க்க, நீ நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாய். பிற்பகலில் அந்த உயர ஜன்னல் வழியாக ஒரு வெயில் பட்டை சாய்ந்து விழும். அதில் தூசி ஏறும், இறங்கும், சுழலும். சிஸ்டர் அளவுகோலால் உன் மேசையைத் தட்டி, என்ன பார்க்கிறாய் என்று கேட்டார். "காற்றைப் பார்க்கிறேன் சிஸ்டர்," என்றாய். வகுப்பே சிரித்தது. அதிகம் சிரித்தவள் நான். பிறகு சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் மட்டும் சொன்னாய்: "தூசி தானா ஆடாதுடி. காத்து ஆடுது, தூசி காட்டிக் குடுக்குது."

அந்த சிஸ்டர் எங்களுக்கு விதித்த இன்னொரு சட்டமும் உனக்கு நினைவிருக்கும். ரப்பர் கொண்டுவரக் கூடாது. தவறாக எழுதியதன் மேல் ஒரே ஒரு கோடு போட வேண்டும். கீழே என்ன எழுதியிருந்தோம் என்பது தெரிய வேண்டும். ஓரத்தில் நம் பெயரின் முதலெழுத்தைப் போட வேண்டும். உன் நோட்டு முழுக்கக் கோடுகள். என் நோட்டில் ஆண்டு முழுவதும் தேடினாலும் மூன்றோ நான்கோதான் இருக்கும். அதைப் பிற வகுப்புகளுக்கு எடுத்துப் போய்க் காட்டுவார்கள்.

பிறகு நடந்தது உலக வழக்கம். இரண்டாம் ரேங்க் பௌதிகம் படித்து, வெளிநாடு போய், ஆய்வகம் ஒன்றில் காற்றைப் படிக்கும் விஞ்ஞானி ஆனது. முதல் ரேங்க் திருமணம் ஆகி, கிழக்குத் தாம்பரத்தில் வங்கி ஊழியர்கள் கட்டிக்கொண்ட காலனி ஒன்றுக்குக் குடிவந்து, நாற்பது ஆண்டுகள் பால் கணக்குப் பார்த்தது. நான் இதைப் பற்றிப் புலம்பியதில்லை. புலம்புகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் நீ ஒவ்வொரு முறை வந்து, புடவை மடிப்பு கலைந்து சோபாவில் சரிந்து உட்கார்ந்து, ஏதோ ஒரு நாட்டு மாநாட்டைப் பற்றிச் சொல்லும்போதும், இவளுக்கு நோட்டில் கோடு போடக்கூட நேராக வராதே என்று எனக்குள் ஒன்று சொல்லிக்கொண்டேயிருக்கும்.

என் கணவர் போய் நான்கு வருடம் கழித்து நீ அந்தப் பெரிய சாதனத்தோடு வந்தாய். லைடார். சின்ன பீரோவைப் படுக்க வைத்ததுபோல் ஒரு பெட்டி, அதன் தலையில் ஒரு கண்ணாடி ஜன்னல். ஓய்வு பெற்ற பிறகும் உனக்குக் கிடைத்த ஒரே ஒரு திட்டம், அதுவே கடைசி என்று சொன்னாய். சுற்றிலும் உயரமான கட்டடம் இல்லாத ஒரு மாடி வேண்டும், மின்சாரம் வேண்டும், "வீட்டை விட்டு வெளிய போகாத, சொன்ன வேலையைச் சொன்ன நேரத்துக்குச் செய்யற ஒரு ஆள்" வேண்டும் என்றாய். வீட்டை விட்டு வெளியே போகாத ஆள் என்பதை நான் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

அது என்ன செய்யும் என்று கேட்டதற்கு, நீ மாநாட்டு மொழியில் பதில் சொல்லவில்லை. "தையல் கிளாஸ் ஜன்னல் ஞாபகம் இருக்கா? அதேதான். வெயிலுக்குப் பதிலா நாமளே ஒரு வெளிச்சத்தை மேல அனுப்பறோம்" என்றாய். கண்ணுக்குத் தெரியாத ஒளி. அது வானத்தில் ஏறும்போது வழியில் உள்ள தூசியில் பட்டு ஒரு துளி திரும்பி வரும். எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று பார்த்தால் எவ்வளவு உயரம் என்று தெரியும். திரும்பும் ஒளியின் நிறம் இம்மியளவு மாறியிருந்தால், அந்த உயரத்தில் காற்று மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா, எவ்வளவு கொந்தளிக்கிறது என்று தெரியும். நீராவி ஒரு வகை ஒளியை விழுங்கும். எவ்வளவு விழுங்கியது என்று பார்த்தால் ஈரம் தெரியும். தரையிலிருந்து ஒரு கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை, நாள் முழுவதும், சில நொடிக்கு ஒருமுறை. நான் ஒரே தடவையில் புரிந்துகொண்டேன். உன் உதவியாளர்களுக்கு மூன்று தடவை சொன்னாய் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பிற்பகல் ஒன்றரை, இரண்டு மணிக்கு உன் கணினித் திரையில் அது வரும். அதுவரை சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருக்கும் காய்ந்த காற்றுக்கு அடியில், கிழக்கிலிருந்து நீலமாக ஓர் ஆப்பு நுழையும். கடற்காற்று. அதன் மூக்கு நுனியில் மேலும் கீழும் ஒரே அடிதடி. நீ சின்னப் பெண்போல் கை தட்டுவாய். "வந்தாச்சுடி! மேடவாக்கம் தாண்டி வந்துடுச்சு!" ஐந்து நிமிடத்தில் என் வேப்பமரம் அசையும். எழுபது வயதுக்கு மேல் வேப்பமரம் அசைவதற்கு முன்பே அது அசையப்போகிறது என்று தெரிந்துகொள்வது எனக்குப் பிடித்திருந்தது. இதை அப்போது உன்னிடம் சொல்லவில்லை.

காலனி சங்கத்தின் செயலாளருக்குத்தான் பிடிக்கவில்லை. ஒரு காலத்தில் ஏதோ அலுவலகத்தில் ஸ்டோர்ஸ் பார்த்த மனிதர். இன்றுவரை உலகத்தையே ஸ்டோர்ஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மெஷின் லேசர் அடிக்குதாமே. மேகம் எல்லாம் கலைஞ்சு போவுதுன்னு பேசிக்கறாங்க. போன வாரம் பெருங்களத்தூர்ல மழை, வண்டலூர்ல மழை, நம்ம காலனியில மட்டும் ஒரு சொட்டு இல்ல."

"சந்தா கட்டாதவங்க காலனின்னு மழைக்கும் தெரிஞ்சிருக்கும்," என்றேன்.

"அதில்ல மேடம், ரேடியேஷன்..."

நீ உள்ளேயிருந்து வந்து, வாயில் பாதி முறுக்கோடு, "சார், உங்க வீட்டு டிவி ரிமோட்லயும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்தான் வருது. அதால மழை நின்னுச்சா?" என்றாய். அவர் சிறிது யோசித்து, "எங்க வீட்டு ரிமோட் வேலை செய்யலையே மேடம்" என்றார். நாம் இரண்டு பேரும் கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தோம். என்னை அப்படிச் சிரிக்க வைத்த ஆள் என் கணவருக்குப் பிறகு நீ ஒருத்திதான்.

என் வேலை இதுதான். மாடியில் லைடாருக்குப் பக்கத்தில் நான்கு பக்கமும் சாய்ந்த பலகை வைத்த வெள்ளை மரப்பெட்டி. அதற்குள் இரண்டு வெப்பமானிகள். ஒன்று வெறுமனே இருக்கும். இன்னொன்றின் குமிழைச் சுற்றி மெல்லிய மல் துணித் திரி, அதன் வால் ஒரு சிறு கிண்ணத் தண்ணீரில். திரியின் ஈரம் காயும்போது குமிழ் குளிரும். காற்று எவ்வளவுக்கு வறண்டிருக்கிறதோ அவ்வளவுக்குக் குளிரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் காற்றின் ஈரத்தைச் சொல்லிவிடலாம். தினமும் பதினொன்றரை மணிக்கு, கடற்காற்று வருவதற்கு முன், வெயிலில் காற்று நன்றாகக் கலந்திருக்கும் நேரத்தில், நான் இரண்டையும் படித்து நோட்டில் எழுத வேண்டும். பெரிய சாதனம் சொல்வதும் என் நோட்டு சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று நீ பார்ப்பாய். பல லட்சம் பெறும் சாதனத்துக்கு என் கண்தான் சாட்சி. நான் அந்த நோட்டுக்கு அட்டை போட்டேன். ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்து எனக்கு மறுபடியும் ஒரு நோட்டு கிடைத்திருந்தது.

நீ ஒரு அட்டைப்பெட்டியில் டிஸ்டில்டு வாட்டர் பாட்டில்களும், ஒரு பொட்டலம் புதுத் திரிகளும் வைத்துவிட்டுப் போனாய். வாரம் ஒரு திரி. பழையதைத் தூக்கி எறி. தண்ணீர் தீர்ந்தால் ஜி.எஸ்.டி. ரோட்டு பேட்டரி கடையில் வாங்கிக்கொள். மூன்றே வாக்கியம். நான் அவற்றை அப்படியே செய்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

தை பிறந்தபோது தண்ணீர் தீர்ந்தது. கடைக்கு ஆள் அனுப்பினேன். வந்த பாட்டிலின் மூடியில் கிரீஸ் விரல் ரேகை. லேபிள் கோணல். லாரி பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர். அதை என் வீட்டு வாசற்படி ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. என் சமையலறையில் இல்லாத சுத்தமா அந்தக் கடையில் இருக்கப்போகிறது? எங்கள் கிணற்றுத் தண்ணீரை இரண்டு முறை கொதிக்க வைத்தேன். நான்காக மடித்த மல் துணியில் வடிகட்டினேன். கான்வென்ட் விடுதியில் டைபாய்டு வந்த வருடம் சிஸ்டர்கள் எங்களுக்குச் செய்தது அதுதான். திரியையும் எறியவில்லை. இரண்டு திரிகளை மாற்றி மாற்றித் துவைத்து, அதே தண்ணீரில் கொதிக்க வைத்து, வெயிலில் உலர்த்தினேன். வாரா வாரம் அவை இன்னும் வெள்ளையாகின. எவ்வளவு வெள்ளை என்றால், அடுத்த வீட்டு அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பனிக்காலத்தில் வித்தியாசம் தெரியவில்லை. காற்றே ஈரமாக இருந்தது. மாசியில் உன் சாதனத்துக்கும் என் நோட்டுக்கும் இடையே மெல்ல விரிசல் விழுந்தது. பங்குனி, சித்திரையில் அது பிளவு. காலை முழுவதும் காற்று சருகாகக் காய்ந்திருக்கிறது என்றது லைடார். அவ்வளவு காயவில்லை என்றது என் நோட்டு. நீ அப்போது வயிற்றில் அறுவை செய்துகொண்டு படுக்கையில் இருந்தாய். படுத்தபடியே கணினியில் எண்களைப் பார்த்து, அதில் உன் வாழ்நாளின் கண்டுபிடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய். தென்புறத்து ஏரிகள் ஒவ்வொன்றாக வீடாகிப்போனதில், கோடைக் காலையில் இந்தப் பக்கத்துக் காற்றுக்குக் குடிக்க ஒன்றுமில்லை. அந்த வறட்சிமேல் கடற்காற்று வந்து மோதும்போதுதான் இந்தக் கொந்தளிப்பு. தொலைபேசியில் உன் குரல் நூலாக இருந்தது. "எழுதி முடிச்சுட்டுப் போறேன்டி. அதுபோதும்."

திட்டத்தை மேற்கொண்டு நடத்தலாமா என்று பார்க்க மூன்று பேர் கொண்ட குழு வந்தது. உன் சாதனம் பழுதாகிவிட்டது என்று முடிவு செய்துகொண்டே வந்தவர்கள். ஷூவோடு கூடத்துக்குள் நுழைந்த ஒருவரை வெளியே அனுப்பி, கழற்றிவிட்டு வரச் சொன்னேன். மாடி ஏறவில்லை. ஏற வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். வெயிலா இருக்கே சார் என்று இன்னொருவர் சொன்னார். காற்றை ஆராய்கிறவர்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, என் காபியைக் குடித்து, என் நோட்டைப் புரட்டினார்கள்.

"மேடம், இப்படி ஒரு லாக் புக்கை எங்க சர்வீஸ்ல பார்த்ததில்லை. ஒரு அடித்தல்கூட இல்லையே!"

"எனக்கு அடிக்கும் பழக்கம் இல்லை," என்றேன்.

"இதுக்கும் லைடாருக்கும் இவ்வளவு வித்தியாசம்னா, லைடார்தான் தப்பு. மெஷினுக்கும் வயசாகும் இல்லையா, மேடம் மாதிரியே?" என்றார் தலைவர், உன்னைக் குறித்து.

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன்: நானும் சிரித்தேன். அறுபது வருடத்துக்கு முன் தையல் வகுப்பில் சிரித்த அதே சிரிப்பு.

அடுத்த வாரம் நீ வந்தாய். சுவரைப் பிடித்து, படிக்கு ஒருமுறை நின்று, மாடி ஏறினாய். மூன்று பேரால் முடியாததை வயிற்றில் தையலோடு செய்தாய். லைடாரின் பக்கம் போகவே இல்லை. நேராக என் மரப்பெட்டியைத் திறந்து, இரண்டு விரலால் திரியைக் கிள்ளிப் பார்த்தாய்.

"என்ன தண்ணிடி ஊத்தறே?"

சொன்னேன், பெருமையோடு. இரண்டு கொதி, நான்கு மடிப்பு.

"கடைத் தண்ணி?"

"அது என் வாசப்படி ஏறாது."

நீ திரியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாய். "உப்புடி," என்றாய் மெதுவாக. "கொதிச்சா கிருமி சாகும், உப்பு சாகாது. தண்ணி ஆவியாகி உப்பு மட்டும் திரியில தங்குது. விறைச்சுப் போயிருக்கு பாரு. தண்ணி சரியா ஏறாது, குமிழ் சரியாக் குளிராது. உன் கண்ணு தப்பில்ல. திரிதான் தப்பு."

நீ அதை எவ்வளவு மென்மையாகச் சொன்னாய் என்பது இப்போது தெரிகிறது. அன்று எனக்குக் கேட்டது ஒன்றுதான்: இரண்டாம் ரேங்க் என் நோட்டில் கோடு போடுகிறது.

"உன் மெஷின் பொய் சொன்னா, என் வீட்டுத் தண்ணி மேல பழி போடாதே. நீ சின்ன வயசுலேந்தே இப்படித்தான். உன் தப்புக்கு ரிப்பன் காரணம், பேனா காரணம்."

நீ என்னைப் பார்த்தாய். "நோட்டு நீ சரியாத்தான் எழுதியிருக்கே," என்று மட்டும் சொன்னாய். இறங்கும்போது நான் கை கொடுக்கவில்லை. நீயும் கேட்கவில்லை.

உன் வேண்டுகோளின்பேரில்தான் குழுத் தலைவர் எனக்குப் போன் செய்திருக்க வேண்டும். அவருக்கு அவசரம், பின்னணியில் யாரோ சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். "டிஸ்டில்டு வாட்டர்தானே மேடம் யூஸ் பண்ணீங்க?" என்றார். "அதைவிடச் சுத்தமானது," என்றேன். "அப்புறம் என்ன! தேங்க் யூ மேடம்." வைத்துவிட்டார். கேள்வி கேட்கத் தெரியாத மனிதர் என்று அவரை இகழ்ந்துகொண்டே நான் சமையலறைக்குப் போனேன். பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சான்றிதழ் எழுதிக்கொண்டேன்.

ஆடி மாதத்தில் கிரேன் வைத்து லைடாரை இறக்கினார்கள். செயலாளர் கைகட்டி நின்று மேற்பார்வை பார்த்தார். அன்று மாலையே மழை கொட்டியது. "பார்த்தீங்களா மேடம்!" என்று குடையைப் பிடித்துக்கொண்டு தெருவிலிருந்து கத்தினார். சிரிக்க என்னோடு யாரும் இல்லை.

நீ மார்கழியில் போனாய். இரங்கல் கூட்டத்துக்கு வந்தேன். கடைசி வரிசை. அந்தத் தலைவர் மேடையேறி, உன்னை அன்பே உருவானவர், எல்லோருக்கும் தாய் போன்றவர் என்றார். நீ செய்த வேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு ஆண் விஞ்ஞானி செத்தால் தந்தை போன்றவர் என்றா சொல்வார்கள்? நீ யாருக்கும் தாய்போல் இருந்ததில்லை. உன் கைப்பையில் எப்போதும் உடைந்த முறுக்கு இருக்கும், அவ்வளவுதான். அந்த அரங்கத்தில் இருந்த அத்தனை பேரையும் வெறுத்துவிட்டு, தாம்பரம் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். வெறுப்பு ஒரு வசதி. அது இருக்கும்வரை வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. பிறகு பூச்சு அடிக்கிறவன் திரியை உடைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அதில் ஒரு துண்டை எடுத்தேன். அவன் பார்க்கப் பார்க்க, நாக்கில் வைத்தேன்.

"அய்ய, இன்னாம்மா பண்றே! துப்பு, துப்பு!"

துப்பினேன். கரித்தது. அந்த வெண்மை அத்தனையும் உப்பு.

மறுநாள் நானே ஆட்டோ பிடித்து பேட்டரி கடைக்குப் போனேன். கடைக்காரர் கையெல்லாம் கறுப்பு. "இன்வெர்ட்டருக்கா அம்மா?" என்றார். இல்லை, வெப்பமானிக்கு என்றேன். "அது எந்த கம்பெனி வண்டிம்மா?" என்றார். விளக்கினேன். நான் எதிர்பார்க்காததுபோல் கவனமாகக் கேட்டார். "அதானே, போர் தண்ணி ஊத்துனா தகடு பூரா வெள்ளையாப் பூத்துரும். காய்ச்சி ஊத்துனா இன்னும் மோசம். இது எங்க கடைப் பையனுக்கே தெரியுமே," என்றார். நான் தலை குனிந்து பாட்டிலை வாங்கிக்கொண்டேன். மூடியில் கிரீஸ் ரேகை இருந்தது. துடைக்காமல் பையில் வைத்தேன்.

எறியாமல் வைத்திருந்த இன்னொரு பழைய திரி தையல் பெட்டியில் கிடைத்தது. நீ விட்டுப்போன பொட்டலத்திலிருந்து புதிய திரி ஒன்று. ஒரு வாரம், பதினொன்றரைக்கு, ஒருமுறை அதையும் ஒருமுறை இதையும் மாட்டிப் படித்தேன். மேற்குக் காற்று வறட்டும் நாட்களில் இரண்டுக்கும் இரண்டு டிகிரிக்குக் குறையாமல் வித்தியாசம். உன் சாதனமும் என் நோட்டும் சண்டை போட்ட அதே வித்தியாசம். ஏழு நாளும் ஒரு முறையாவது அது மாறிவிடாதா என்று நான் காத்திருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

உன் ஆய்வு மாணவிக்குப் போன் செய்தேன். உன்னைப்போலவே பாதி வாக்கியத்தில் நிறுத்துகிற பெண். உன் எண்களை யாராவது அழித்துவிட்டார்களா என்று கேட்டேன்.

"இல்ல ஆன்ட்டி, எல்லாம் அப்படியே இருக்கு. கெட்ட டேட்டான்னு குறிச்சு ஓரமா வெச்சுட்டாங்க. மேடம் எழுதின பேப்பர்கூடப் பாதியில..." பிறகு சொன்னாள்: "ஆன்ட்டி, மேடம் என்கிட்ட சொல்லியிருந்தாங்க. திரின்னு."

"பிறகு ஏன் நீ என்னிடம் கேட்கவில்லை?"

"நான் கேக்கறேன்னு சொன்னேன். வேணாம்னுட்டாங்க. அவ நோட்டுல அவதான் கோடு போடணும், வேற யாரும் போடக் கூடாதுன்னாங்க. எனக்குப் புரியல. நீங்க எழுத்துல குடுத்தா அந்தக் குறியை எடுத்துடலாம் ஆன்ட்டி. அந்த டேட்டா மறுபடியும்... மேடம் பேர்லயே முடிச்சுடலாம்."

போனை வைத்தேன். நீ ஒரு வரி எழுதியிருக்கலாம்: பார்வையாளர் தவறான நீரைப் பயன்படுத்தினார். எல்லாம் முடிந்திருக்கும். உன் கடைசி வேலை உன் பெயரில் வந்திருக்கும். அதை ஓரமாக வைத்துவிட்டு, நான் சரியாகும் வரை காத்திருந்தாய். காத்திருக்க உனக்கு நாள் இல்லை என்று தெரிந்தும். இதற்காக உன்மேல் எனக்கு நன்றி வரவில்லை. கோபம்தான் வருகிறது. இப்படிப்பட்ட முட்டாள்தனமான பெருந்தன்மையை நான் எங்கும் பார்த்ததில்லை. நான் அதற்குத் தகுதியான ஆள் இல்லை என்பதை உன்னால் கணக்கிட முடியவில்லையா? ஒரு கிலோமீட்டர் உயரத்துக் காற்றைக் கணக்கிட்டவளாயிற்றே.

நோட்டை எடுத்தேன். சிவப்பு மை நிரப்பினேன். தை முதல் தேதியிலிருந்து ஆடியில் லைடார் இறங்கிய நாள் வரை, ஒவ்வொரு ஈரக்குமிழ் எண்ணின் மேலும் ஒரே ஒரு கோடு. கீழே எழுதியிருந்தது தெரிய வேண்டும். ஓரத்தில் என் முதலெழுத்து. முதல் பத்துக் கோடுகள் நேராக வரவில்லை, பிறகு பழகிவிட்டது. முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. கடைசிப் பக்கத்தில், என்ன தண்ணீர் ஊற்றினேன், ஏன் ஊற்றினேன், யார் எப்போது எச்சரித்தார், நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கடையை இகழ்ந்ததால் என்று எழுதினேன். வேறு மென்மையான சொல் கிடைக்கவில்லை, தேடவும் இல்லை. உன் மாணவி நேற்று வந்து வாங்கிப் போனாள். புரட்டிப் பார்த்துவிட்டு, "மேடம் நோட்டு மாதிரியே இருக்கு ஆன்ட்டி," என்றாள்.

மரப்பெட்டியைப் பூச்சு ஆளே மறுபடி நிறுத்திக் கொடுத்தான். வெள்ளை அடித்தும் கொடுத்தான். "புறா வந்தா சொல்லும்மா," என்றான். யாருக்கும் என் எண்கள் இப்போது தேவையில்லை. புதிய நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். அதற்கு அட்டை போடவில்லை.

இன்று பதினொன்றரைக்கு மாடி ஏறினேன். வெயில். வேப்பமரம் இன்னும் அசையவில்லை. பெட்டியைத் திறந்து, வெப்பமானியைப் பார்ப்பதற்கு முன், இரண்டு விரலால் திரியைக் கிள்ளிப் பார்த்தேன். நனைந்து, மெத்தென்று இருந்தது. பிறகுதான் எண்ணைப் படித்தேன்.